என் இடது கைக்காக வக்கீல் தேடியபோது

நான் தையல் வேலை செய்கிறேன். 22 வருடமாக பிளவுஸ்தான் முக்கியம், அப்புறம் சுடிதார், பாவாடை. வலது கை கத்தரி பிடிக்கும் என்றாலும் ஒரு தையல்காரிக்கு உண்மையில் வேலை செய்வது இடது கைதான். ஊசிக்குக் கீழே துணியை நகர்த்துவதும், வளைவில் திருப்புவதும், சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். அந்தக் கையின் நான்கு விரல்கள் இன்று முழுதாக விரிவதில்லை.

2023 ஆகஸ்டில் மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன். இடது முன்கையில் எலும்பு இரண்டும் முறிந்தது. பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். அன்று ராத்திரியே வலி தாங்கவில்லை. விரல்கள் வீங்கி பளபளவென்று ஆகிவிட்டன, தொட்டால் உணர்ச்சி இல்லை. கேட்டபோதெல்லாம் "எலும்பு முறிஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் கட்டை வெட்டினார்கள். பிறகு வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது அங்கிருந்த எலும்பு மருத்துவர் இதற்கு கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார். வீங்கிய தசைக்கு இறுக்கமான கட்டுக்குள் இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்றுபோவது. சில மணி நேரத்துக்குள் கட்டைப் பிரிக்க வேண்டும், தேவைப்பட்டால் தசையின் உறையைக் கீறிவிட வேண்டும், இல்லையென்றால் தசை செத்துவிடும் என்றார். எனக்கு அந்த மணி நேரங்கள் இரண்டு ராத்திரிகளாகப் போய்விட்டன.

வழக்கு போட வேண்டும் என்று முடிவு செய்யவே ஏழு மாதம் ஆனது. வக்கீலைத் தேட இன்னும் ஐந்து மாதம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த ஐந்து மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் போனவர் உறவுக்காரர் ஒருவர் கைகாட்டியவர். நல்ல அலுவலகம், சுவர் முழுக்கப் புத்தகம். என் கையைப் பார்த்ததும், "இது 50 லட்சம் கேஸ்மா" என்றார். நான் கொண்டுபோன பையைத் திறக்கவே இல்லை. ஃபீஸ் எதுவும் வேண்டாம், வருவதில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். கையில் காசில்லாத எனக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசி ஃபீஸ் வாங்க இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வக்கீலை அனுமதிப்பதில்லை. தன் தொழிலின் விதியையே முதல் சந்திப்பில் ஓரமாக வைப்பவரிடம், இன்னொரு தொழில்காரர் தன் விதியை மீறினார் என்று வாதாடச் சொல்லி எப்படி நம்பிக் கொடுப்பது? விட்டுவிட்டேன்.

இரண்டாமவர், போலீஸில் புகார் கொடுத்து டாக்டரை உள்ளே வைத்தால் அவர்களே பேச வருவார்கள் என்றார். எனக்கும் கோபம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவர் மேல் குற்ற வழக்கு நிற்க வேண்டுமென்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும். விசாரிக்கும் அதிகாரி முதலில் இன்னொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தை, கூடுமானவரை அரசு மருத்துவரின் கருத்தை, வாங்க வேண்டும். மிரட்டிப் பணம் வாங்குவதற்கு நான் வரவில்லை. என் கைக்கு என்ன நடந்தது என்று யாராவது பதில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். அதே வக்கீல், நுகர்வோர் வழக்கு போட்டாலும் கேட்கிற தொகைக்கு ஏற்றபடி கட்டணம் கட்ட வேண்டும், 50 ஆயிரம் தயாராக வையுங்கள் என்றும் சொன்னார். அது தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி கணக்கு நாம் கேட்கும் இழப்பீட்டில் இல்லை, நாம் சேவைக்குக் கொடுத்த பணத்தில் இருக்கிறது. நான் மருத்துவமனைக்குக் கட்டியது 42 ஆயிரம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. இழப்பீடாக எவ்வளவு கேட்டாலும் சரி. சிவில் கோர்ட்டில் போட்டால்தான் கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீல் சொல்லிக் கொடுத்தார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 1987-ஆம் வருடச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள் எல்லோருக்கும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இது பல பெண்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் 45 வயதில்தான் தெரிந்தது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அங்கே எனக்குக் கிடைத்தவர் சின்ன வயதுப் பெண் வக்கீல். முழுசாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நான் அதிகமா பார்க்கிறது ஜீவனாம்சம், குடும்ப வழக்குதான். மருத்துவ வழக்கு ஒண்ணுகூட நடத்தினது இல்ல. நான் எடுத்தா கத்துக்கிட்டே நடத்துவேன், அது உங்களுக்கு நியாயமில்ல" என்றார். இந்தத் தேடலில் நான் கேட்ட முதல் நேர்மையான வார்த்தை அதுதான். அதோடு அனுப்பிவிடவில்லை. உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதிக் கொடுத்தார், மருத்துவமனைக்கு, என் முழு கேஸ் ஷீட் நகலும் வேண்டும் என்று. டிஸ்சார்ஜ் சம்மரி என்பது அவர்கள் கடைசியில் எழுதிக் கொடுக்கும் சுருக்கம், அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, நர்ஸ் எழுதிய தாள்கள் வரை எல்லாம் வேண்டும் என்றார். 2002-ஆம் வருட மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 72 மணி நேரத்தில் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு 61 பக்கம் வந்தது. அந்த 61 பக்கம்தான் என் வழக்கு.

நான் அலைந்துகொண்டிருந்த அதே 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வக்கீலின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. டாக்டர் கவனக்குறைவாக இருந்தால், காசு வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்ற 1995-ஆம் வருட வி.பி. சாந்தா தீர்ப்பின் பலத்தில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வழக்கை எடுத்த வக்கீல் கெடு தவறவிட்டால் அவர்மேல் அங்கே போக முடியாது. அவருடைய நடத்தை பற்றி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், நஷ்டத்துக்கு சிவில் கோர்ட் போகலாம், அவ்வளவுதான். அதைப் படித்த ராத்திரி எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. கெடு என்று சொன்னேன் இல்லையா, நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம். எனக்கு 2025 ஆகஸ்ட்.

சரி, நல்ல வக்கீலை எங்கே தேடுவது? நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. இணையத்தில் வக்கீல் என்று தேடினால் நட்சத்திரம் போட்டு ஒரு பட்டியல் வருகிறதே, அந்த மாதிரித் தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் அதே வருடம் ஜூலையில் உத்தரவிட்டது. அதனால்தான் நானும் இங்கே என் வக்கீலின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். நான் தேடிய வழியைச் சொல்கிறேன், அது யாருக்கும் உதவும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு நேராகப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்கவில்லை. காலை பத்தரைக்குப் போனால் மதியம் வரை வழக்குகளைக் கூப்பிடுவார்கள். மூன்று நாள் போனேன். வழக்கு நம்பர் கூப்பிட்டதும் யார் எழுந்து "வாய்தா வேணும்" என்கிறார், யார் தாளோடு எழுகிறார், யார் ஜூனியரை அனுப்பிவிட்டு வராமலே இருக்கிறார், எல்லாம் பின் பெஞ்சிலிருந்து கண்ணாடி மாதிரி தெரியும். ஒருவர் மூன்று நாளும் மூன்று வழக்கில் வாய்தா மட்டுமே வாங்கினார். எனக்கு ரொம்பவும் சிபாரிசு செய்யப்பட்ட பெயர் அவருடையது.

இரண்டாவது நாள் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு கண் அறுவை சிகிச்சை வழக்கில் பேசினார். குரல் உயரவே இல்லை. "பக்கம் 34-ல் பாருங்கள்" என்று சொல்லி, வழக்கைக் கேட்கும் ஆணைய உறுப்பினர் அந்தப் பக்கத்தைத் திருப்பும் வரை பேசாமல் நின்றார். எனக்கு அந்த நிற்பது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து ஆணையத்தின் பழைய தீர்ப்புகளை மகனை விட்டு இணையத்தில் எடுக்கச் சொன்னேன். தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே இரண்டு பக்க வக்கீல்கள் பெயரும் இருக்கும். அவர் பெயரில் மருத்துவ வழக்குகள் ஏழு கிடைத்தன. நான்கில் வென்றிருந்தார், மூன்றில் தோற்றிருந்தார். தோற்ற மூன்றையும் மகனைப் படித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டில் நிபுணர் கருத்து இல்லை என்று தள்ளுபடி ஆகியிருந்தது.

போய்ப் பார்த்தேன். ஆலோசனைக்கு ஆயிரம் ரூபாய், ரசீது கொடுத்தார்கள். "கேஸ் ஷீட் இருக்கா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. 61 பக்கத்தையும் மேஜையில் வைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் 40 நிமிடம் படித்தார். டாக்டர் எழுதிய பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு நர்ஸ் எழுதிய தாள்களில் நின்றார். ஒரு இடத்தில் விரல் வைத்துத் தாளை என் பக்கம் திருப்பினார். நீல மையில், அவசரக் கையெழுத்தில், முதல் ராத்திரி 11.10: நோயாளி வலி அதிகம் என்கிறார், விரல் வீக்கம், டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. அதற்குக் கீழே 2.30: மறுபடி அதே. அதற்கும் கீழே காலை 6.00: விரல்கள் மரத்திருப்பதாகச் சொல்கிறார். டாக்டரின் தாளிலோ அந்த ராத்திரி முழுதும் ஒரு வரிகூட இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியை நான் மிகைப்படுத்துகிறேனோ என்று என் வீட்டிலேயே பேச்சு இருந்தது. பெயர் தெரியாத அந்த நர்ஸ் மூன்று தடவை எழுதி வைத்திருக்கிறார். அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளைக் கேட்டேன். மருத்துவமனைகளுக்காகவோ அவர்களின் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகவோ ஆஜராவது உண்டா என்று கேட்டேன். இதை எல்லோரும் கேட்க வேண்டும். மருத்துவமனைகள் தொழில் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருப்பார்கள், வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியும் எதிர்தரப்பாக வரலாம். அவர், வேறொரு மருத்துவமனைக்கு முன்பு ஆஜராகியிருக்கிறேன், இந்த மருத்துவமனைக்கோ அதன் இன்சூரன்ஸுக்கோ இல்லை என்றார். நீங்களே வாதாடுவீர்களா, ஜூனியரா என்றேன். வாய்தாவுக்கு ஜூனியர் வருவார், வாதத்துக்கு நான் வருவேன் என்றார். ஃபீஸ் 40 ஆயிரம், மூன்று தவணை, தட்டச்சு, நகல் செலவு தனி. அதை வெள்ளைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார்.

ஜெயிக்குமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "கட்டு போட்டதில் தப்பு இருக்குன்னு நிரூபிக்க முடியாதும்மா, அதை விட்டுருவோம். கட்டு போட்ட அப்புறம் பார்க்காம விட்டாங்க, அதை இந்தத் தாளே சொல்லுது. நம்ம வழக்கு அது மட்டும்தான்." நான் டாக்டர்மேல் எட்டுக் குறை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதில் ஏழு குறைகளை அவர் அடித்துவிட்டார். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் அடித்தது சரி என்று எதிர்தரப்பின் பதிலைப் படித்தபோது புரிந்தது. அடித்த ஏழில் ஒன்றை வைத்திருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே போயிருப்பார்கள்.

நிபுணர் கருத்துக்குத்தான் பெரிய அலைச்சல். 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லா மருத்துவ வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று சொல்லியிருக்கிறது. இருந்தாலும் என் மாதிரி வழக்கில் அது இல்லாமல் போவது ஆபத்து என்றார் என் வக்கீல். அவர் தோற்ற இரண்டு வழக்கும் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாவது மருத்துவமனையின் டாக்டர் என்னிடம் எல்லாம் வாய்விட்டுச் சொன்னாரே, அவரிடம் எழுதிக் கேட்கலாமா என்றேன். "அவர் சக டாக்டருக்கு எதிரா எழுதணும்னு கேட்டு சங்கடப்படுத்த வேண்டாம். சேர்க்கும்போது உங்க கை எப்படி இருந்ததுன்னு அவர் எழுதி வெச்சதே போதும்" என்றார். பிறகு வேறு மாவட்டத்தில், ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் பெயர்களை மறைத்த நகலை அனுப்பி இரண்டு பக்கக் கருத்து வாங்கினார். அதற்கு ஆறு வாரம் ஆனது. நான் வாரம் இருமுறை போன் செய்து நச்சரித்ததை ஒப்புக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. மாலையில் அவரைப் பிடிக்கவே முடியாது, குமாஸ்தா எடுத்து "சார் பிசி" என்பார். வாய்தா தள்ளிப்போனால் நாமாகக் கேட்டால்தான் தெரியும். இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்த் திரும்பினேன். மனு முழுக்க ஆங்கிலத்தில் தயாரித்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். தமிழில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முகம் கொஞ்சம் மாறினாலும் ஜூனியரை உட்கார வைத்தார், அந்தத் தம்பி ஒன்றரை மணி நேரம் வரி வரியாகச் சொன்னார். 9-ஆம் பக்கத்தில் 'வலது முன்கை' என்று இருந்தது! வேறு ஏதோ வழக்கிலிருந்து எடுத்து ஒட்டிய வரி. அது அப்படியே போயிருந்தால் எதிர்தரப்பு வக்கீல் என்ன செய்திருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். தயவுசெய்து யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு நல்ல வக்கீலாக இருந்தாலும்.

2024 நவம்பரில் மனு தாக்கல் ஆனது. மருத்துவமனை பதில் போட 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலே 15 நாள். அதற்கு மேல் ஒருநாள்கூட நீட்ட ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். எதிர்தரப்பு இன்னும் இரண்டு மாதம் கேட்டபோது என் வக்கீல் எழுந்து அந்தத் தீர்ப்பின் நகலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். 44-ஆம் நாள் பதில் வந்தது. நோயாளி கையை அசைத்துவிட்டார், சொன்னதைக் கேட்கவில்லை என்பது அவர்கள் வாதம். 11.10, 2.30, 6.00 பற்றி அதில் ஒன்றும் இல்லை. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கப் பாருங்கள் என்கிறது, எனக்கு ஒரு வருடத்தை நெருங்குகிறது. அது வக்கீலின் குறை இல்லை.

நஷ்டக் கணக்குக்கு அவர் கேட்டதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வருமான வரி தாக்கல் செய்பவளா நான்? மாதம் எவ்வளவு சம்பாதித்தேன் என்று எப்படிக் காட்டுவது என்று கையைப் பிசைந்தேன். "அளவு நோட்டு வெச்சிருப்பீங்களே" என்றார். இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், உயரம், தோள், கை நீளம், கழுத்து, ஓரத்தில் துணியின் சின்னத் துண்டு குத்தியிருக்கும், கீழே கூலி, முன்பணம், கொடுக்கும் தேதி. விழுவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் மாதம் சராசரி 58 பிளவுஸ். விழுந்த பிறகு ஆறு மாதம் வெற்றுப் பக்கம். இப்போது மாதம் 14, அதுவும் வளைவு இல்லாத எளிய தையல் மட்டும். வாடிக்கையாளர் பெயர்களை மறைத்து 212 பக்கம் நகல் எடுத்துச் சேர்த்தார். என் வேலைக்கு இப்படி ஒரு சாட்சி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இறுதி வாதம் அடுத்த வாய்தாவில். நேரில் வரச் சொல்லியிருக்கிறார். நகல் போதாதாம், அசல் நோட்டு மூன்றையும் துணித் துண்டுகளோடு அப்படியே எடுத்து வர வேண்டுமாம். நேற்று ராத்திரி உட்கார்ந்து, உதிர்ந்திருந்த துண்டுகளை அந்தந்தப் பக்கத்தில் திரும்பவும் குத்தி வைத்தேன். வலது கையால்தான்.